ஒரே நேரத்தில் ஆட்டக்காரர், ஆசான்

கேள்வி: கோல் அடித்துப் புகழ் பெற்றவர்கள் பயிற்சியாளராகச் சோபிப்பதில்லை என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்பவர்களிடம் ராபி கீனைக் காட்டுங்கள். டப்ளினை ஒட்டிய டாலாவில் பிறந்தவர். அயர்லாந்துக்காக 146 ஆட்டம், 68 கோல். அடுத்த இடத்திலிருக்கும் நயால் க்வின் அடித்தது 21தான்! 2002 உலகக் கோப்பையில் ஜெர்மனி இறுதியாட்டம்வரை வாங்கிய ஒரே கோல், இவர் கடைசி நிமிடங்களில் அடித்தது. எதிரணிக்கு மூச்சு விடும் நேரம், இவருக்குக் கோல் அடிக்கும் நேரம்.

ஆளும் உயரமில்லை, மின்னல் வேகமும் இல்லை. பந்து எங்கே வரும் என்று ஒரு கணம் முன்னால் யோசித்தே பிழைத்தவர். அந்தப் புத்திதான் பயிற்சியாளருக்கான முதலீடு என்பேன். இன்டர் மிலான், லீட்ஸ், டாட்டன்ஹாம், லிவர்பூல், லாஸ் ஏஞ்சலிஸ் என்று எத்தனை குருகுலங்கள்!

முதல் பொறுப்பு நம் கொல்கத்தாவில். 2018இல் ஏடிகே அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். காலில் பூட்ஸ், தலையில் வியூகம். பிறகு உதவிப் பயிற்சியாளராகப் பொறுமையாகக் காத்திருந்தார். 2024இல் மக்காபி டெல் அவிவ், 2025இல் ஹங்கேரியின் ஃபெரன்ட்ஸ்வாரோஷ்: இரண்டு நாடுகளில் லீக் பட்டம், அடுத்தடுத்த ஆண்டுகளில்.