ஆற்று மீனுக்குக் கோத்திரம் உண்டா?

கேள்வி: காசிமேட்டில் வந்திறங்கும் கடல் மீன்களைக் காட்டிலும் ஆற்று மீன்களுக்குத்தான் கோத்திரப் பிரிவினை, அதாவது ஒரே இனத்துக்குள் மரபணு வேறுபாடு, அதிகம் என்கிறார்களே, மெய்தானா? (காசிமேடு வாசகர்)

பதில்: பெரும்பாலும் மெய்யே. கடலில் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு நெடுந்தூரம் சென்று கலந்துவிடுகின்றன; ஆற்று மீனுக்கோ நீர் உள்ள வழியன்றி வேறு வழி கிடையாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் அண்டை ஆறுகளேயாயினும், ஒன்று பழவேற்காட்டு ஏரியையும் மற்றொன்று எண்ணூர் முகத்துவாரத்தையும் நாடிச் செல்வதால், இடையிலுள்ள மேட்டை நாம் நடந்தே கடந்துவிடும்போது, உவர் பொறாத ஒரு நன்னீர் மீனுக்கு அதுவே கடக்கவொண்ணாத எல்லையாகிவிடுகிறது. நம் ராயபுரத்துச் சந்துகளில் கொல்லைச் சுவர் ஒன்றேயான இரு வீட்டார், ஒருவரையொருவர் காண இரண்டு தெருமுனைகளைச் சுற்றிவர வேண்டியிருப்பதை ஒத்தது இது. பெருவெள்ளத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்து சமவெளி நீர் ஒன்றாகக் கலப்பதுண்டு. மலையடி ஓடைகளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

கேள்வி: மரபணுச் செல்வத்தில் தனவான் யார்? மேலோடை மீனா, கீழாற்று மீனா? (எண்ணூர் வாசகர்)

பதில்: தனித்தனியே எடைபோட்டால் பொதுவாகக் கீழாற்று மீனே. வெள்ளம் குஞ்சுகளைக் கீழ்நோக்கி இழுத்துவருவது சுலபம். அவை எதிர்த்தேறுவது அரிது. ஆகவே, நகரியாறு கொசஸ்தலையோடு கூடுவது போன்ற சங்கமங்களுக்குக் கீழே பல கிளைகளின் வம்சங்கள் சேர்கின்றன. மேலோடையில் பெற்றோர் சிலரே. ஒரு கோடை வறட்சியிலேயே அபூர்வமான மரபணுக் கூறு ஒன்று அழிந்துபோகலாம். ஆயினும் ஒவ்வோர் ஓடையும் பிறிதில் இல்லாத ஏதோ ஒன்றைப் பேணிவருவதால், எல்லா ஓடைகளும் சேர்ந்ததே ஆற்றின் முழு ஆஸ்தி. 1944-இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கம் நமக்குக் குடிநீர் தந்த பேருபகாரி. எனினும் அணை என்பது, மேலேற விரும்பும் மீனுக்கு அடைத்த கதவுதான்.

கேள்வி: நீரில் வளர்ந்தவை யாவும் இப்படிச் சிறைப்பட்டவைதாமா? (ராயபுரம் வாசகர்)

பதில்: இல்லை. விலாங்கு இனம்பெருக்கக் கடலுக்கே சென்றுவிடும். தட்டானோ, குஞ்சுப் பருவத்தை நீரில் கழித்தபின் சிறகு பெற்று மலையையும் தாண்டும். மழைக்காலத்தில் திரளாக வரும் மஞ்சள் தட்டான் இந்து மகாசமுத்திரத்தையே கடப்பதாகக் கருதப்படுகிறது. கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிட்டாலும் அவ்வினத்தின் மரபணுவில் பேதம் மிகச் சொற்பம்.

கேள்வி: கொளத்தூரில் வாங்கிய வண்ணமீன்கள் தொட்டி கொள்ளாமல் பெருகிவிட்டன. கொசஸ்தலையில் விட்டால் புண்ணியம் உண்டா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: தங்கள் கருணையைப் போற்றுகிறேன், ஆனால் அந்தப் புண்ணியம் வேண்டாம். அந்நிய மீன் இவ்விடத்து மீனின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஜிலேபி மீன் நம் ஏரிகளில் செய்திருப்பதைப் பாருங்கள். அதே இனத்து மீனாயினும், வேற்றாற்றிலிருந்து கொணர்ந்து கலந்தால், பல தலைமுறைகளாக இந்த நீருக்கென்று பழகிவந்த கூறுகள் கரைந்துபோகும். 1996 முதல் கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வருவதால், இயற்கை பிரித்துவைத்த ஆறுகளைத் தாகத்தின் பொருட்டு நாமே இணைத்திருக்கிறோம். அது தவிர்க்கவியலாதது, இது அப்படியன்று. மிகுந்த மீன்களை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு வழங்குங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.