குறட்டைக்கு அமைதிப் பரிசு

தூக்கத்தில் மணிக்கு 5 முறை மூச்சு தடைபட்டாலே நோய். 30-ஐத் தொட்டால் தீவிரம். ஆனால் ஆசாமி, "நானா? குறட்டையா?" என்பார். சாட்சி பக்கத்துத் தலையணையில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பார்.

1980-ல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் இதற்கு ஒரு வழி கண்டார். வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிவிட்டு, உறிஞ்சுவதற்குப் பதில் மூக்குக்குள் காற்றை ஊத வைத்தார். தொண்டை மூடிக்கொள்ளவில்லை, நோயாளி விடிய விடியத் தூங்கினார். அதுதான் சீபேப். அதற்கு முன் தீவிர நோயாளிக்குக் கைகண்ட வைத்தியம், கழுத்தில் துளை! இன்று சீபேப் காற்றை ஊதும் முகமூடி மூக்கை அழுத்துகிறது என்று அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் படிக்கலாம்.

சுவிட்சர்லாந்தில் வேறு கூத்து. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீளக் குழலை நோயாளிகளுக்கு நான்கு மாதம் ஊதப் பழக்கினார்கள். தொண்டைத் தசைக்குப் பயிற்சியாம். பகல்தூக்கம் குறைந்தது, உடன் படுப்பவர்களின் தொல்லையும் குறைந்தது. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இந்த ஆய்வுக்கு 2017-ல் நோபலை நையாண்டி செய்யும் இக் நோபல் பரிசு கிடைத்தது, அமைதிப் பிரிவில்! குழலோசையைக் கேட்ட அண்டை வீட்டாரை யாரும் கருத்துக் கேட்கவில்லை போலும்.

பரிசோதித்தது 25 பேரிடம், அதுவும் மிதமான நோய்க்கு. தீவிர நோயாளிகள் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குழல் வாங்கக் கிளம்ப வேண்டாம்.