போன சீசன் அடியும் இந்த சீசன் அடியும்: ஓர் ஒப்பாய்வு

பிப்ரவரி நடுவில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன் தொடங்குகிறது. தொடங்கிய மூன்றாம் நாளே அறிஞர் பெருமக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘போன வருஷ அடி இந்த வருஷம் இல்லை’ என்பது ஒரு கட்சி. ‘பொறுங்கள், பையன்களுக்கு இப்போதுதான் கை பழகுகிறது’ என்பது மறுகட்சி. ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் கல்லூரி உலகத் தொடர் முடியும்வரை இந்த வழக்கு ஓயாது. பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், பந்து எந்தப் பக்கம் பறந்தது என்றே தெரியாத மாமனார்கள் என எல்லோரும் இதில் சாட்சிகள். இந்த வழக்கை முறைப்படி விசாரிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் இலக்கணம். ஒரு பேட்டர் மட்டை பிடித்த முறைகளில், பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்ந்தது எத்தனை முறை என்ற விகிதமே பேட்டிங் சராசரி. பத்துக்கு மூன்று என்றால் 0.300. பத்தில் ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறவரை நல்ல பேட்டர் என்று கொண்டாடும் துறை இது. எதிரணி வீசும் நான்கு மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு, நடந்தே முதல் தளம் சேர்பவரின் சாமர்த்தியம் இந்தக் கணக்கில் ஏறாது. பொறுமைக்கு இந்தச் சாஸ்திரத்தில் மதிப்பெண் இல்லை.

இனி பூர்வபட்சம்: எண் பொய் சொல்லாது.

2010இல் முதல் பிரிவுக் கல்லூரிகளின் மொத்த சராசரி 0.305. அடுத்த ஆண்டு 0.282. ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு அடித்த ஹோம் ரன், அதாவது வேலி தாண்டிப் பறக்கும் அடி, 0.94இலிருந்து 0.52க்கு விழுந்தது. இதை மட்டும் பார்ப்பவர், ஒரே குளிர்காலத்தில் ஏறத்தாழ 300 கல்லூரிகளின் பையன்கள் ஒட்டுமொத்தமாகச் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்றே தீர்ப்பெழுதுவார்.

ஆனால் உண்மையான குற்றவாளி மட்டை. 1974 முதல் கல்லூரிகளில் அலுமினிய மட்டைக்கு அனுமதி உண்டு. உள்ளே கூடாக இருக்கும் உலோகச் சுவர், பந்து பட்டதும் அமுங்கிப் பின் எம்பித் தள்ளும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. 1997இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 188 ஹோம் ரன் அடித்தது. இன்றுவரை அதுவே சாதனை. மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா அரிசோனா ஸ்டேட்டை 21–14 என்று வென்றபோது, அது எந்த விளையாட்டின் ஸ்கோர் என்ற சந்தேகமே எழுந்தது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் 2011இல், ‘பி.பி.கோர்’ என்ற அளவீட்டின்படி மட்டையின் துள்ளலுக்கு 0.50 என வரம்பு கட்டினார்கள். மட்டை அடங்கியது, பழி பையன்கள் தலையில் விழுந்தது.

2014இல் ஓர் ஆட்டத்துக்கான ஹோம் ரன் 0.39 வரை இறங்கியது. 2015இல் 0.56க்கு ஏறியது. இம்முறை மாறியது பந்து. அதன் தையல் மேட்டின் உயரத்தை 0.048 அங்குலத்திலிருந்து 0.031 அங்குலமாகக் குறைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் செலுத்தியபோது பழைய பந்து 367 அடியும் புதுப் பந்து 387 அடியும் போயின. தையல் மேடு தாழ்ந்தால் காற்றின் இழுப்பும் குறையும், அவ்வளவுதான். பேட்டிங் பயிற்சியாளர்கள் அவ்வாண்டு ஏற்றுக்கொண்ட பாராட்டுகளில் ஒரு பங்கு தையல் கூடத்துக்குச் சேர வேண்டியது.

மட்டையும் பந்தும் மாறாத ஆண்டுகளில் ஆட்கள் மாறுகிறார்கள். 2024இல் டென்னசி அணி 184 ஹோம் ரன் அடித்துக் கோப்பையும் வென்றது. ஒரே அணியில் ஐந்து பேர் தலா 20 அல்லது அதற்கு மேல் அடித்தது அதுவே முதல் முறை. அவர்களில் கிறிஸ்டியன் மோர் மட்டும் 34. மறு ஆண்டு அந்த ஐவரில் ஒருவரும் அங்கில்லை. தொழில்முறை அணிகள் அள்ளிக்கொண்டு போயின. ஐவரில் ஒருவரான பில்லி ஆமிக் 2023இல் கிளெம்சன் அணியில் ஆடிவிட்டு வந்தவர். ஆக, கிளெம்சனின் பட்டியலில் ஒரு பள்ளமும் டென்னசியின் பட்டியலில் ஒரு மேடும் ஒரே ஆளின் வேலை. கைப்பிடியை ஒருமுறையும் அலகை ஒருமுறையும் மாற்றிய அரிவாளை ‘தாத்தா அரிவாள்’ என்பதுபோலத்தான் ‘நம்ம டீம்’ என்பதும்.

மிச்சமிருப்பது அதிர்ஷ்டம். 200 முறை மட்டை பிடிக்கும் ஒருவருக்கு 0.305க்கும் 0.282க்கும் உள்ள வித்தியாசம் சீசன் முழுவதற்கும் ஐந்து அடிகூட இல்லை. 56 ஆட்டங்களில் சுமார் 1,900 முறை மட்டை பிடிக்கும் ஓர் அணிக்கோ, திறமை இம்மியும் மாறாவிட்டாலும் இரு சீசன்களின் சராசரி 0.015 அளவுக்கு விலகுவது சர்வ சாதாரணம். அறிஞர் கட்சிகளின் பாதிச் சண்டை இந்த இடைவெளிக்குள்ளேயே நடக்கிறது.

அடி கூடினால் வெற்றி கூடும் என்ற துணைக் கருதுகோளும் தேறவில்லை. 2022இல் 158 ஹோம் ரன் அடித்த அதே டென்னசி ஒமாஹா வாசலையே மிதிக்கவில்லை. நோட்டர் டேம் வழியிலேயே மடக்கிவிட்டது. 2013இல் யு.சி.எல்.ஏ ஒமாஹாவில் ஐந்து ஆட்டங்களில் 19 ரன் மட்டும் எடுத்தது, நான்கே ரன் விட்டுக்கொடுத்தது, கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

முடிபு: ஓர் அணியை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடலாகாது, அந்தந்த ஆண்டின் நாட்டுச் சராசரியோடு ஒப்பிடுக. 2010இல் 0.300 அடித்த அணி நாட்டுக்குப் பின்தங்கியது. 2014இல் நாட்டுச் சராசரி 0.270, அன்று 0.290 அடித்த அணி நாட்டை முந்தியது. எண்ணில் சிறியது அடியில் பெரியது. கணக்கிட ஐந்து நிமிடம் போதும் என்பதால் இம்முறையை இரு கட்சியும் ஏற்க வாய்ப்பில்லை.

பின்னிணைப்பு: 2023 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், ஞாயிறன்று, ஃப்ளோரிடா லூசியானாவை 24–4 என்று நொறுக்கியது. திங்களன்று அதே லூசியானா அதே ஃப்ளோரிடாவை 18–4 என்று நொறுக்கிக் கோப்பை வென்றது. மட்டை அதே, பந்து அதே, ஆட்களும் அவர்களே. ஒரே இரவில் நிகழ்ந்த இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க மேலாய்வு தேவைப்படுகிறது. மானிய விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது.