தவளையைத் தூக்கிய காந்தம்

கேள்வி: இரும்பை இழுக்கும் காந்தம் நம் உடம்பைக் கண்டுகொள்வதே இல்லையே, ஏன்?

பதில்: நன்றாகவே கண்டுகொள்கிறது, ஆனால் இழுப்பதில்லை, தள்ளுகிறது!

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது டயா காந்தப் பொருள். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால், தண்ணீரின் எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஒரு சிறு காந்தத்தன்மையைக் காட்டும். தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் எதிர்க்குறியோடு. அதனால்தான் அந்தத் தள்ளல் நமக்குத் தெரிவதில்லை.

தெரிய வைத்தவர் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம். 1997இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், சுமார் 16 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்குள் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார். வலிமை மட்டும் போதாது. மேலே போகப் போகப் புலம் வேகமாகக் குறையவும் வேண்டும். அப்போதுதான் தள்ளுவிசை எடையைத் தாங்கும். தவளைக்கு ஒரு கீறலும் இல்லை.

இதற்காக 2000இல், சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை சக இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரியுடன் பகிர்ந்துகொண்ட கெய்ம், 2010இல் கிராஃபீன் ஆய்வுக்காக அசல் நோபலையே பகிர்ந்துகொண்டார். ஆசிரியர்களே, வகுப்பில் யாராவது விளையாட்டாகக் கேள்வி கேட்டால் தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள்!