ஒரு கை பார்க்கிற அண்ணாச்சி

டியூப்லைட் எரியவில்லை. மாற்ற வேண்டியது ஒரு ஸ்டார்ட்டர். இதற்குத் தென்காசி அண்ணாச்சி செய்யும் ஆயத்தங்களைப் பார்த்தால் கோட்டை பிடிக்கப் போகிறாரோ என்று தோன்றும். முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார். ஸ்டூலை ஒரு தடவை தட்டிப் பார்ப்பார். பிறகு ஏறமாட்டார். திரும்பி, வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்களா என்று கண்ணாலேயே வருகை எடுப்பார். ஒருவர் குறைந்தாலும் குரல் கொடுத்து வரவழைப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வசனம் வரும்:

"ஒரு கை பாத்துருவோமா?"

இது கேள்வி இல்லை. பதில் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்.

இவருக்கு ரத வீதியில் அரிசிக்கடை இருக்கலாம்; மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம் (அப்படியானால் ஸ்டார்ட்டர் மாற்ற இன்னும் நேரமாகும்). தொழில் எதுவானாலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. வசனம் சொல்லாமல் ஒரு காரியத்திலும் இறங்கமாட்டார். பிரானூர் பார்டரில் இலை போட்டுப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வந்ததும், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "இன்னைக்கு இருக்கு கச்சேரி" என்பார். இரண்டாவது பரோட்டாவிலேயே கச்சேரி மங்களம் பாடிவிடும். பொதிகை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கை ஒதுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் வண்டி கிளம்பும்போது ஏணியில் ஒரு காலை வைத்து, "நம்மகிட்டயேவா?" என்று ஆரம்பிப்பார். கடையநல்லூர் தாண்டிய பிறகும் அடுத்த கால் தரையில்தான் இருக்கும். எதிரில் கீழ்ப்படுக்கையில் இருக்கும் கல்லூரிப் பையன் பார்க்கப் பொறுக்காமல், "நீங்க இங்க படுத்துக்கோங்க சார்" என்று எழுந்துவிடுவான். ஒரு வகையில் இதுவும் வெற்றிதான்.

வேலை பெரிதானால் வசனமும் பெரிதாகும் என்று நினைக்க வேண்டாம். பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆளில்லாத வீட்டில் இதே அண்ணாச்சி கேஸ் சிலிண்டரைச் சத்தமே இல்லாமல் மாட்டி, கசிகிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்து, காலி சிலிண்டரை ஓரமாக உருட்டியும் வைத்துவிடுவார். மருமகன் வந்திருக்கும் நாளில் மட்டும் வாஷர் எங்கேயோ உருண்டு ஓடிவிடும்.

எல்லாம் சினிமா பண்ணிய வேலை என்பார்கள். பாதி உண்மை. 1958-இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதிய நடனத்துக்குப் பி.எஸ். வீரப்பா ஒரு 'சபாஷ்' போட்டார் அல்லவா, அதற்குப் பிறகு அந்தச் சபாஷ் இல்லாமல் ஊரில் கோலப்போட்டிகூட நடப்பதில்லை. ரஜினிகாந்த் 'அண்ணாமலை', 'பாட்ஷா', 'படையப்பா' என்று தொண்ணூறுகள் முழுக்கப் படத்துக்கு ஒரு வரி கொடுத்தார். ஆட்டோவின் முதுகிலிருந்து அரசியல் மேடை வரை அது போதுமானதாக இருந்தது. 2010-இல் 'சிங்கம்' சூர்யா தன் அடியின் எடையை டன் கணக்கில் அறிவித்துவிட்டு அடித்தார். அதிலிருந்து அண்ணாச்சியும் குத்துமதிப்பாக ஓர் எடை சொல்கிறார்.

ஆனால் கதாநாயகன் வசனம் பேசி முடித்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார், கயிறு இருக்கிறது, விழுகிறவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது. இவை ஒன்றும் இல்லாத ஆள் வசனம் பேசினால் என்ன ஆகும் என்பதை 2003-இல் 'வின்னர்' கைப்புள்ளையாக வந்த வடிவேலுதான் நாட்டுக்குச் சொன்னார். அண்ணாச்சிக்கு அந்தப் படம் உயிர். "அப்படியே நம்ம பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியே இருக்காம்லா" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மீதிப் பாதி சினிமாவுக்கும் மிக முந்தியது. புறநானூற்றில் வஞ்சினக் காஞ்சி என்று ஒரு துறையே உண்டு: போருக்குப் போகுமுன் அரசன் சபதம் சொல்வது. சின்னப் பையன் என்று எதிரிகள் எள்ளி நகைத்த பாண்டியன் நெடுஞ்செழியன் அப்படித்தான் ஒன்று சொன்னான். இவர்களை நான் வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும். கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். சொல்லிவிட்டுப் போய்த் தலையாலங்கானத்தில் இரண்டு வேந்தர்களையும் ஐந்து வேளிர்களையும் சேர்த்து முறியடித்தான். அந்த வசனத்துக்குப் பிணை இருந்தது. தோற்றால் அரசனுக்கு நஷ்டம், அதுவும் புலவர் பெயரோடு எழுதி வைத்த நஷ்டம்.

அண்ணாச்சியும் பிணை வைக்காமல் பேசுவதில்லை. "இத மட்டும் முடிக்கலேன்னா மீசைய எடுத்துருதேன்" என்பார். தேதி சொல்லமாட்டார். இதை நம்பி இத்தனை வருஷமாகத் தென்காசி சலூன்காரர் ஒருவருக்கும் ஒரு காசு வந்ததில்லை.

இந்த ஊரைக் கட்டிய பராக்கிரம பாண்டியனை நினைத்தால் அண்ணாச்சி எங்கிருந்து முளைத்தார் என்றே புரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த அரசன், முடித்துவிட்டு மார் தட்டவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்யப் போகிறவர்களை இப்போதே பணிகிறேன் என்று கல்வெட்டில் பாட்டாக வெட்டி வைத்தான். சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அதில் நம் அண்ணாச்சியின் பங்கு என்ன என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். "நாம எறங்கினதுக்குப் பொறவுதான வே வேலையே சூடு பிடிச்சுது" என்று தொடங்கினால் கோபுர வாசலில் அடிக்கிற காற்றுகூட நின்று கேட்க வேண்டியிருக்கும்.

முன்னோடி வேண்டுமானால் குற்றாலத்தில் கிடைப்பார். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் பறவை பிடிக்க வருகிற சிங்கன். பறவைகள் வருவதைப் பாடுகிறான். மேய்வதைப் பாடுகிறான். கண்ணி கொண்டுவரச் சொல்லிப் பாடுகிறான். நடுவில் மனைவி சிங்கியின் நினைப்பு வேறு. கடைசியில் பறவைகள் போய்விட்டதையும் பாட்டாகவே பாடுகிறான். அழகான பாட்டுகள், குருவி ஒன்றும் அகப்படவில்லை.

சிங்கனுக்காவது பறவைகள் பறந்து போகும்வரை கவலை இருந்தது. அண்ணாச்சிக்குச் சீசன் நாளில் அரசாங்கமே கைகொடுக்கிறது. ஆடிச் சாரலில் பேரருவிக்கு வருவார். கூட மருமகன், பேரன்கள், மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார். கூட்டம் குறைவில்லை. மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் அடங்கித்தான் அந்தத் தண்ணீர் கீழே நம் முதுகுக்கு வருகிறது. இல்லையென்றால் யாரும் நிற்க முடியாது. அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்வதில்லை. ஈரிழைத் துண்டை இறுக்கிக் கட்டி, தொடையைத் தட்டி, அண்ணாந்து அருவியின் கண்ணோடு கண் பார்க்க முயல்வார். பேரன் முதுகைத் தள்ளுவான். "பொறுல, அது நம்மளப் பாக்கட்டும்" என்பார்.

அந்த நேரம் மலையில் மழை வலுத்திருக்கும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும். போலீஸ்காரர் விசில் ஊதுவார்: எல்லாரும் வெளியே வாங்க, குளிக்கத் தடை. அண்ணாச்சியின் வாழ்நாளிலேயே இனிய ஓசை அந்த விசில்தான். உடனே ஒரு கால் முன்னே போகும். போலீஸ்காரரைத் தாண்டிப் போகிற மாதிரி தோள் சாயும். சம்பந்தி பிடித்துக்கொள்வார், பிடிப்பார் என்று தெரிந்த பக்கமாகத்தான் சாய்வார்.

"விடுங்க சம்பந்தி. இன்னைக்கு மட்டும் இவரு ஊதலேன்னா..."

"சரி சரி, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்."

"நமக்கில்ல, அருவிக்கு நல்ல நேரம்."

வசனம் சொல்லியாகிவிட்டது. ஒரு சொட்டு நனையவில்லை. இவ்வளவு சுத்தமான வெற்றி எந்தப் படத்திலும் எந்தக் கதாநாயகனுக்கும் கிடைத்ததில்லை என்பது என் எண்ணம்.

அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா ஒரு நாளும் வசனம் சொன்னதில்லை. தடை வருவதற்கு முன்பே பெண்கள் பக்கம் போய், பேத்திகள் மூன்று பேரையும் நனைத்துத் துவட்டி, தானும் குளித்து, ஈர முடியைக் கோடாலி முடிச்சாகப் போட்டுக்கொண்டு, மங்குஸ்தான் பேரம்பேசி வாங்கிக்கொண்டு, ஒரு வாளி ஈரத்துணியோடு வந்து நிற்பார்.

"இன்னும் குளிக்கலியா?"

"போலீஸ்காரன் ஊதிட்டாம்லா. இல்லேன்னா ஒரு கை பாத்திருப்பேன்."

"அப்பம் அந்தக் கை சும்மாதான இருக்கு. இதப் பிழிஞ்சு போடுங்க."

அண்ணாச்சி வாளியைப் பார்ப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"நம்மகிட்டயேவா?"