ஆரஞ்சுக்குள் இல்லாத ரம்

பஞ்ச் என்ற பானத்துக்குப் பெயர் வந்த கதை நமக்குப் புதிதாக இருக்காது. பஞ்சாமிர்தத்தில் இருக்கிற அதே பஞ்ச. சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், ஏதாவது ஒரு வாசனைச் சரக்கு: ஆக மொத்தம் அஞ்சு. 1670களில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த ஜான் ஃபிரையர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் கணக்கை எழுதி வைத்தார். அவருக்கும் முன்னால், 1632-ல், சோழமண்டலக் கரையில் பெத்தபொலியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவருக்கு வந்த கடிதத்தில், எல்லாரும் கூடிப் பஞ்ச் குடிப்பது பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஆங்கில எழுத்தில் அந்தச் சொல் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. பீப்பாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று வாதாடுகிற மொழியியலாளர்களும் உண்டு. நான் அஞ்சு கட்சி.

இந்த அஞ்சில் சாராயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நாலு. பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தை எடுத்துவிட்டு மீதியைப் பிசைந்து தருகிற மாதிரி. வருகிறவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு... ஆனா..." என்று இழுப்பார்கள். போதையில்லாத பஞ்சின் வரலாறு முழுக்க இந்த "ஆனா"வைச் சமாளித்த வரலாறுதான்.

எதிர்முனையில் இருந்தவர் எட்வர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி. 1694-ல் ஸ்பெயினில் அவர் வைத்த விருந்துக்கு அண்டாவெல்லாம் பற்றவில்லையாம். தோட்டத்து நீரூற்றுத் தொட்டியைக் காலி பண்ணி அதிலேயே கலக்கிவிட்டார். நாலு பெரிய பீப்பாய் பிராந்தி, எட்டுப் பீப்பாய் தண்ணீர், 25,000 எலுமிச்சம்பழம், 1,300 பவுண்டு சர்க்கரை, 5 பவுண்டு ஜாதிக்காய். பரிமாற ஒரு பையனைக் குட்டிப் படகில் ஏற்றித் தொட்டிக்குள்ளேயே துடுப்புப் போட விட்டார்கள். மணக்கிற மணத்தில் பையனுக்குத் தலை சுற்றும் என்பதால் கால் மணிக்கொரு முறை ஆளை மாற்றினார்களாம். 6,000 பேர் குடித்தார்கள் என்கிறது கதை. நாம் பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டாலும், கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர்.

இனி வாஷிங்டன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கூடுதலாக வாங்கினார். அதிபரைத் தீர்மானிக்கிற தேர்வாளர் வாக்கில் 184. ஜெயிக்க வேண்டியது 185. குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேஸுக்கு 165. இருபது வாக்குகள் யாருக்கு என்று தகராறு. பதினைந்து பேர் கொண்ட கமிஷன் உட்கார்ந்தது. எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் இருபதையும் வழித்து ஹேஸின் இலையிலேயே போட்டது. 185–184. பதவியேற்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை விட்டுவைத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், முதல் நாள் சனிக்கிழமை இரவே, வெள்ளை மாளிகை விருந்துக்கு வந்த இடத்தில், சிவப்பு அறைக்குள் கூட்டிப் போய் ரகசியமாகப் பிரமாணம் செய்து வைத்தார்கள். நம்மூரில் ஓடிப்போன ஜோடிக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் நிதானமாகத் தாலி கட்டி வைப்பார்கள். ஹேஸை அதிபராக எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதற்குப் பதிலாகத் தெற்கு மாநிலங்களில் காவலுக்கு நின்ற ராணுவம் பின்வாங்கியது. அதன் விலையை அங்கிருந்த கறுப்பின மக்கள் பல தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அது சிரிப்பில் சேராது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரதர்ஃபோர்ட் என்ற பெயரை ரதர்ஃபிராடு என்று மாற்றினார்கள். போலி அதிபர் என்ற பட்டம் நாலு வருஷமும் கூடவே வந்தது.

இந்தப் போலி அதிபர்தான் வெள்ளை மாளிகையில் மதுவை நிறுத்தினார். அவருக்கு முன்னிருந்த கிராண்ட் காலத்தில் அரசு விருந்து என்றால் பதார்த்தம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒயின் கிளாஸ்கள் அணிவகுத்து நிற்கும். ஹேஸும் 1877 ஏப்ரலில் ரஷ்ய இளவரசர்கள் வந்தபோது ஒயின் வைத்தார். அதோடு சரி. அப்புறம் தண்ணீர், காப்பி, லெமனேட். வெளியுறவு அமைச்சர் வில்லியம் எவர்ட்ஸ் ஒரு விருந்துக்குப் போய்வந்து, தண்ணீர் அங்கே ஷாம்பெயினாகப் பெருக்கெடுத்து ஓடியது என்று சொன்னாராம். சொந்த மந்திரியே இப்படி என்றால் வெளிநாட்டுத் தூதர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்! தாய்நாட்டின் கௌரவத்துக்காக மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்தபடி சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழி யார் தலையில் விழுந்தது? வழக்கம்போல வீட்டு அம்மா தலையில். ஹேஸின் மனைவி லூசி கல்லூரியில் பட்டம் பெற்றவர். அதிபர் மனைவிகளில் அப்படி வந்த முதல் ஆள். மதுவைத் தொடாதவர்தான். ஆனால் தடை போட்டது கணவர். மதுவிலக்கு ஆதரவாளர்களின் வாக்குகள் தனிக்கட்சி என்று பிரிந்து போய்விடாமல் தன் கட்சிக்குள்ளேயே கட்டி வைக்க வேண்டும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. பெயரோ "லெமனேட் லூசி" என்று அந்த அம்மாவுக்கு. அதுவும் அவர் உயிரோடிருந்த காலத்தில் அப்படி யாரும் கூப்பிட்டதற்குச் சான்று இல்லை. போன பிறகு ஒட்டிய பெயர். ஐயா போட்ட உத்தரவுக்கு அம்மா காவல் தெய்வம்.

விருந்தாளிகள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆரஞ்சு வந்தது.

ரோமன் பஞ்ச் என்று ஒரு பண்டம் அன்றைய பெரிய விருந்துகளில் உண்டு. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, ரம் ஊற்றி, பனிக்கட்டியும் உப்பும் போட்ட வாளிக்குள் பாத்திரத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி உறைய வைப்பது. சாப்பாட்டின் நடுவில், கனமான இறைச்சிக்கு அப்புறம், நாக்கைக் கழுவிவிட இது வரும். வெள்ளை மாளிகைச் சமையலறை இதைக் குடைந்தெடுத்த ஆரஞ்சுத் தோலுக்குள் வைத்து அனுப்பியது. கூட்டத்துக்கு ஜூஸ் கலக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்: போட்ட ஐஸ் உருகி, கடைசிப் பந்திக்குப் போவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். பஞ்சையே ஐஸாக்கிவிட்டால் உருகினாலும் பஞ்சுதான்.

முதல் கரண்டி வாயில் போன கணமே விருந்தாளிகளின் முகம் மலர்ந்தது. ரம் வாசனை! அம்மாவுக்குத் தெரியாமல் பரிசாரகர் யாரோ இரக்கப்பட்டு ஊற்றிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். கண்ணால் பேசிக்கொண்டார்கள். விருந்தின் அந்தக் கட்டத்துக்கு "உயிர்காக்கும் நிலையம்" என்று ரகசியப் பெயரும் வைத்தார்கள். கடலில் தத்தளிக்கிறவர்களை இழுத்துக் கரை சேர்க்கக் கரையோரத்தில் இருக்குமே, அந்த நிலையம். மேசைத் தலையில் லூசி அம்மாள் புன்னகையோடு உட்கார்ந்திருக்க, செனட்டர்களும் தூதர்களும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாங்காய் தின்கிற தோரணையில் ஆரஞ்சு தின்றார்கள்.

இதை ஊருக்குச் சொன்னவர் பென் பெர்லி பூர் என்ற வாஷிங்டன் நிருபர். 1886-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஆரஞ்சுக்குள் இருந்தது சாந்தா குரோய் தீவின் பழைய, காரமான ரம் என்று ஊரின் பெயரோடு எழுதினார். ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்டமான கலவையாகப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்களாம். பூரின் துப்பறியும் திறமை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தகவல்: 1856 அதிபர் தேர்தலில் மாசசூசெட்ஸில் ஃபில்மோர் என்ற வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டித் தோற்றார். பந்தயப்படி ஒரு பீப்பாய் ஆப்பிளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தன் ஊரிலிருந்து பாஸ்டன் வரைக்கும், நாள்கணக்கில் தானே தள்ளிக்கொண்டு போனார். பழ விஷயத்தில் அவருக்கு முன்பிருந்தே ராசியில்லை.

புத்தகம் வந்த நேரத்தில் ஹேஸ் பதவி முடிந்து ஒஹாயோவில் வீட்டோடு இருந்தார். 1887 ஜனவரியில் டைரியைத் திறந்தார். ஆரஞ்சு விஷயத்தில் ஏமாந்தது நாங்கள் இல்லை, குடிகாரர்கள்தான் என்று எழுதினார். ஜமைக்கா ரம்மில் என்ன வாசனை இருக்குமோ அதையே கொஞ்சம் தூக்கலாகச் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டதே தான்தான். அது பலித்துவிட்டது. சாராயம் ஒரு சொட்டுகூட இல்லை. வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார் மனிதர்.

இது ரசாயனப்படி நடக்கக்கூடியதுதான். ரம்மின் வாசனையில் பெரும்பங்கு எஸ்டர் என்ற வகைப் பொருள்களுடையது. அன்னாசிக்கும் வாழைப்பழத்துக்கும் மணம் கொடுக்கிறதும் அந்த வகைதான். 1851 லண்டன் கண்காட்சியிலேயே பழமே படாத அன்னாசி எசன்ஸும் பேரிக்காய் எசன்ஸும் குப்பியில் உட்கார்ந்திருந்தன. குடித்தவர்களும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ரம் கூடக் கூடக் கலவை சரியாக உறையாது, சேறாகவே கிடக்கும். ஆரஞ்சுத் தோலுக்குள் கட்டியாக நின்ற ஒன்றில் அப்படி எவ்வளவு காரம் இருந்திருக்க முடியும்? ஆனால் தாகத்தில் இருப்பவனிடம் பௌதிகம் பேசினால் எடுபடாது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தே பார்த்து 1973-ல் வெளியிட்டார்கள். மொடாக்குடியர்களிடம் வெறும் டானிக் தண்ணீரைக் கொடுத்து அதில் வோட்கா இருக்கிறது என்று சொன்னார்கள். நம்பியவர்கள் மேலும் மேலும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஹேஸ் இதே சோதனையைத் தொண்ணூறு வருஷத்துக்கும் முன்னால், அரசாங்கச் செலவில், மேல்தட்டு ஆட்களை வைத்து முடித்துவிட்டார்.

அவர் டைரியில் எழுதியதை நம்பலாமா என்று கேட்கலாம். ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தவர், போலி என்று பெயர் எடுத்தவர், பரிசாரகர் திருட்டுத்தனமாக ஊற்றியது தெரிந்த பிறகு மானத்தைக் காப்பாற்ற இப்படி எழுதிவைத்திருக்கலாமே? நான் நம்புகிறேன். மானத்துக்காக எழுதுகிறவர்கள் நீட்டி முழக்கி விளக்கம் சொல்வார்கள். இது பத்து வருஷம் அடக்கிவைத்த குறும்பை இனி அடக்க முடியாமல் எழுதிய எழுத்து. நாலு வருஷமாகத் தன்னைப் போலி என்று சொன்ன ஊருக்கு அசல் போலி எப்படி இருக்கும் என்று கரண்டியில் எடுத்து ஊட்டியிருக்கிறார். இதைப் பூருக்கு ஒரு கடிதமாகப் போட்டிருந்தால் அந்த ஆள் இன்னொரு பீப்பாயைத் தள்ள வேண்டி வந்திருக்கும். 1887-லேயே பூர் காலமாகிவிட்டார்.

டைரி அச்சில் வந்தது 1920களில். அதற்குள் மதுவிலக்கு நாட்டுக்கே சட்டமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கிளப்புகளிலும் வீட்டு விருந்துகளிலும் மேசை நடுவில் பெரிய கண்ணாடிக் கிண்ணம். அதில் ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, மிதக்கிற பழத்துண்டுகள். போலீஸ் எட்டிப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் குடிக்கிற பழ பஞ்ச். போலீஸ் போன பிறகு அஞ்சாவது சாமான் கோட்டுப் பையிலிருந்து வெளியே வரும்.