கல்லைக் கண்டால் கடலைக் காணோம்

உவரிக்குப் போய்விட்டு வரும் வழியில், கூடங்குளம் பக்கம், கிணறு வெட்டிக் கொட்டிய குவியலில் ஒரு வெளிறிய கல் உங்கள் கண்ணில் படுகிறது. அதன் ஒரு முகத்தில் விசிறி மடிப்பு மாதிரி வரிவரியாக என்னவோ பதிந்திருக்கிறது. உங்களுக்குள் உறங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி சட்டென்று எழுந்து உட்காருகிறார். இனி அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கவலை வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் சிக்கிய கடல் உயிரியை அடையாளம் காண நம் பக்கத்து மக்கள் கையாளும் வழிமுறைகளைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன். ஒன்று விடாமல் செய்தால், அது என்னவென்று எவராலும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

1. கல்லைத் தூக்கி வண்டியில் போடுங்கள்

எந்த ஊர், எந்தக் குவியல், கிணற்றில் எத்தனை அடி ஆழத்து மண் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். கிணறு வெட்டியவர் எதிரிலேயே பீடி பிடித்துக்கொண்டு இருப்பார். அவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், ஜாக்கிரதை. போட்டோ எடுத்தே ஆகவேண்டும் என்றால் கல்லோடு சேர்த்து உங்கள் முகத்தை எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தால் கல்லின் அளவு தெரிந்துபோகும். அப்புறம் கதைக்கு என்ன சுவாரசியம்?

2. நன்றாகத் தேயுங்கள்

மதினி பாத்திரம் விளக்கும் கம்பி நார் இதற்கென்றே பிறந்தது. அதிலும் போகாவிட்டால் குத்துவிளக்குக்குப் போடுகிற புளி, அதற்கும் மசியாவிட்டால் எலுமிச்சை. சுண்ணாம்புக்கல்லின் ஒரு மூலையைச் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பொசபொசவென்று நுரைக்கும். கல் சுண்ணாம்புதானா என்று அறிய அந்த ஒரு சொட்டு போதும். ஆனால் ஒரு சொட்டோடு நிறுத்துவது கஞ்சத்தனம். ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். சிப்பியும் சுண்ணாம்பு, அதைப் பொதிந்திருக்கும் கல்லும் சுண்ணாம்பு என்பதால் புளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் எடுத்துப் பார்த்தால் விசிறி மடிப்பு போய், குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி மிஞ்சியிருக்கும்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்

ஆச்சி வெற்றிலையில் நரம்பு கிள்ளியபடியே ஒரு பார்வை பார்ப்பாள். “கிளிஞ்சலுல்லா இது! சுட்டா நல்ல சுண்ணாம்பு கிடைக்கும்.” வேதியியல்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

பெரியப்பா நவதிருப்பதியை வருஷம் தவறாமல் சுற்றுகிறவர். அவர் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “சாளக்கிராமம்டே. துளசி வச்சுக் கும்பிடணும்.” அவரையும் லேசில் தள்ளிவிட முடியாது. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்களில் நாம் சக்கரம் என்று சேவிப்பது, பெரும்பாலும் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் சுருள் ஓட்டைத்தான். அந்த இனமோ டைனோசர்கள் அழிந்த சமயத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போய்விட்டது. கூடங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு இப்பால் படிந்தது. ஆகவே அதில் சக்கரத்தாழ்வார் எழுந்தருள வழியில்லை. கவனியுங்கள், இதைச் சொல்வதற்குக் கல்லைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஊர் பெயர் தெரிந்ததே போதுமாக இருந்தது. இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் முதல் விதியைச் சொன்னேன்.

4. இல்லாத இடத்தில் தேடுங்கள்

சுண்ணாம்புக்கல் என்றால் நெல்லைக்காரருக்குத் தாழையூத்துதான். 1949 முதல் அங்கே சிமென்ட் ஆலை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு கிளம்புங்கள். அந்தக் கல்லை உடைத்தால் கற்கண்டு உடைத்தது போல மினுக்கும். பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மறுபடி படிகமான கல் அது. சிப்பியும் சங்கும் இந்த உலகத்தில் தோன்றுவதற்கு எவ்வளவோ முந்தியது. சாயங்காலம் வரை தட்டலாம், தோள்வலி நிச்சயம்.

வெயில் ஆகாது என்பவர்கள் அடுப்பங்கரையிலேயே தேடலாம். அடுப்பு உட்கார்ந்திருக்கும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான். அதுவும் சிப்பிகளுக்கு முந்திய காலத்தது என்பதால் ஏமாற்றம் உறுதி.

5. டைனோசர் முட்டை என்று அறிவியுங்கள்

கல் உருண்டையாக இருந்தால் இதில் தயக்கமே கூடாது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் அள்ளியபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. முட்டை, முட்டை என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் கூவியது. புவியியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்றார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை என்றால் நம் தாமிரபரணிப் படுகை முழுக்கக் கோழிப்பண்ணைதான்.

6. பார்த்தவுடன் பெயர் வையுங்கள்

சிப்பி மாதிரி இருந்தால் சிப்பி, பூ மாதிரி இருந்தால் பூ. கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் சிக்கல். சிப்பிக்கு ஓடு இரண்டு. இடதும் வலதும் ஜோடிச் செருப்பு போல ஒன்றுக்கொன்று பொருந்தும், ஆனால் ஒற்றை ஓட்டை மட்டும் எடுத்தால் ஒரு பக்கம் கோணியிருக்கும். பிராக்கியோபாட் என்று வேறொரு இனம் உண்டு. அதன் ஓட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் இரு பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்துப்போகும். மேல் ஓடும் கீழ் ஓடும்தான் வேறு வேறு அளவு. ஐந்து இதழ்ப் பூ பதிந்த உருண்டை என்றால் அது பூவல்ல, கடல் முள்ளெலி. இத்தனையும் வரிகள் மழுங்காத கல்லில்தான் தெரியும். நாம் இரண்டாம் விதியிலேயே அதற்கு வழிசெய்துவிட்டோம்.

7. தெரிந்தவரைக் கடைசியில் கூப்பிடுங்கள்

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. அப்படி ஓர் இடத்துக்கு எல்லாம் முடிந்த பிறகு போங்கள். அங்கே கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, “இது எங்கே கிடந்தது?” என்பதாகத்தான் இருக்கும். காரணம் இருக்கிறது. கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் கிடைக்கும் சிப்பிக்குச் சில ஆயிரம் வயது. கூடங்குளம் கல்லில் இருக்கும் சிப்பிக்குக் கோடிக்கணக்கில் வயது. இரண்டையும் கழுவி மேசையில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கலாம்.

1860களில் ஸ்டோலிச்கா என்ற இளைஞர் கல்கத்தாவில் இருந்தபடி, பிளான்ஃபோர்டு முதலான புவியியலாளர்கள் திருச்சி, அரியலூர்ப் பக்கம் பொறுக்கி அனுப்பிய புதைபடிவங்களுக்குப் பெயர் வைத்தார். அந்த ஆய்வுகள் தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து உயிரிகள் பற்றிய பெரும் தொகுதிகளாக வந்தன, இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். அவருக்கு அது முடிந்ததற்கு ஒரு காரணம், கல்லோடு ஊர் பெயரும் போனது: ஊட்டத்தூர், ஒதியம், அரியலூர் என்று.

நமக்கோ கல்லைக் கண்டால் பேராசிரியரைக் காணோம்; பேராசிரியரைக் கண்டால் கல்லைக் காணோம். அது அதற்குள் துவைகல்லுக்கு அண்டைக்கல்லாகப் போயிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மேற்படி வழிகளில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக ஒரு வரி. அடுத்த முறை கல் கிடைத்தால் கழுவாமல் பழைய தினத்தந்தியில் சுற்றுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஊர், இடம், ஆழம், தேதி நான்கையும் பேனாவால் எழுதி உள்ளே வையுங்கள். பெயர் வைப்பது அப்புறம் நடக்கட்டும். கல் காத்திருக்கும், கிணறு வெட்டியவர் காத்திருக்க மாட்டார்.